வெயில் தாக்காத மனிதர்கள்

போன வாரம் துபாய் அல் குசைஸிலிருந்து நித்யா பேசினாள். என் தோழியின் மகள், அங்கே ஒரு கிளினிக்கில் டாக்டர். மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டுமாம். ஒரே நோய்க்கு, வந்தவர் எந்த நாடு, எந்த இனம், என்ன நிறம் என்பதை வைத்து வைத்தியம் எப்படி மாறிப்போகிறது என்று அந்த வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

"புதுப் பாடம் ஆன்ட்டி. உங்க காலத்துல இதைப் பத்தியெல்லாம் யாராவது யோசிச்சிருப்பாங்களா?"

"யோசிச்சிருப்பாங்களாவா? நான் அதை நடத்தியே காட்டியிருக்கேன்டி."

"நிஜமாவா? அப்ப எழுதி அனுப்புங்க. ஸ்டூடன்ட்ஸுக்கு வாசிச்சுக் காட்டறேன்."

இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். படிக்கிறவர்களுக்கு நான் பெருமை பீற்றிக்கொள்வதாகத் தோன்றினால் தோன்றட்டும். இந்த வயதில் பீற்றிக்கொள்ளாமல் வேறு எப்போது?

மதுரையில் டாக்டருக்குப் படித்தேன். அங்கேயே எம்.டி. முடித்தேன். எழுபதுகளின் நடுவில் ஜெபல் அலியில் துறைமுகம் கட்ட ஆரம்பித்தபோது என் கணவருக்கு அங்கே இன்ஜினியர் வேலை கிடைத்தது. கைக்குழந்தையோடு துபாய் வந்து இறங்கினேன். வீட்டில் உட்கார்ந்து துணி மடிக்கிற ஜென்மம் நானில்லை. ஊரை இரண்டாகப் பிரிக்கும் கிரீக் என்கிற கடற்கழிக்கு இந்தப் பக்கம் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் பொது மருத்துவத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன், சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் என் முன்கதை.

அந்த ஆஸ்பத்திரிக்கு வெளிநோயாளிகள் வரும் வாசல் இரண்டு. ஒன்று குடும்பங்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் கப்பல் அதிகாரிகளுக்கும். இன்னொன்று லேபர் ஓ.பி. கேம்ப்களிலிருந்து பிக்கப் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போர்மேன் வருவார். நோயாளி நிற்பான், போர்மேன் பேசுவார். "புகார் ஹை சாப்", காய்ச்சல். "பேட் மே தர்த்", வயிற்றுவலி. டாக்டரும் போர்மேன் முகத்தைப் பார்த்தே மருந்து எழுதுவார். யாரும் கெட்டவர்கள் இல்லை. வரிசை நீளம், மொழி ஆயிரம், பழக்கம் அப்படி ஆகிவிட்டது. ஆபீஸ் வாசலில் வந்தவருக்கு நாக்கின் அடியில் தெர்மாமீட்டர். லேபர் வாசலில் வந்தவனுக்கு அக்குளில், அதுவும் சட்டைக்கு மேலே.

அப்புறம் ஐஸ் ரூம். வெயில் தாக்கி மயங்கி வருகிறவர்களுக்காகவே ஒரு சின்ன அறை. பெரிய ஏ.சி., கம்பி வலைக் கட்டில், ஐஸ்பெட்டி, கூரையிலும் சுவரிலும் மின்விசிறி. வளைகுடாவில் அந்தக் காலத்தில் அது பெரிய வசதி. ஆனால் அதில் நான் பார்த்தவர்களெல்லாம் ஐரோப்பியர்கள்தான். மாலுமி, சர்வேயர், எண்ணெய்க் கம்பெனிக்காரர். இந்தியனோ பாகிஸ்தானியோ ஏமன்காரனோ அங்கே படுத்து நான் பார்த்ததில்லை. வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயில் அடிக்காது என்பது எல்லோருடைய நம்பிக்கை. இதை இந்திய டாக்டர்களே சொல்வார்கள், அதுவும் பெருமையாக! லேபர் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தால் மலேரியா. மாத்திரை, கம்பளி, அடுத்த ஆள்.

எங்கள் தலைமை மருத்துவர் ஓர் ஆங்கிலேயர். சீஃப் என்போம். பழைய ராணுவ டாக்டர். சும்மா சொல்லக்கூடாது, அவரைப் போல் நோயாளியைப் பார்க்கிறவரை அதற்குப் பிறகும் நான் பார்க்கவில்லை. நின்றுகொண்டு நோயாளியிடம் பேசவே மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கையை உரசிச் சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றைத் தொடுவார். குரல் உயர்ந்து கேட்டதே கிடையாது. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். ரவுண்ட்ஸில் ஒரு கேஸைச் சொல்லும்போது முதல் வரி அவர் வகுத்த முறைப்படி இருக்க வேண்டும். வயது, நாடு, தொழில். "முப்பது வயது, இந்தியன், லேபர்." "நாற்பது வயது, ஆங்கிலேயர், பேங்க் மேனேஜர்." அதற்குப் பிறகுதான் நோய்.

ஒரு கோடை விடுமுறையில் நான்கு மருத்துவ மாணவர்கள் எங்களிடம் வந்தார்கள். கெய்ரோவிலும் பாக்தாதிலும் படிக்கிறவர்கள், வீடு இங்கே. சீஃப் அவர்களை என் தலையில் கட்டிவிட்டார். அதில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவன் ஹமத், துபாய்க்காரன், வியாபாரக் குடும்பம். கந்தூரா என்கிற வெள்ளை அங்கி கசங்காமல் வருவான், யாராவது தவறு என்று சொன்னால் மூக்கு விடைக்கும். இன்னொருத்தி சல்மா, ஷார்ஜாவில் வளர்ந்த பாலஸ்தீனப் பெண். கேள்வி கேட்டே என்னைக் களைக்க வைப்பாள். எங்களுக்குள் ஆங்கிலம்தான். இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

லேபர் ஓ.பி.யில் நான் பார்த்ததையெல்லாம் அவர்களிடம் பிரசங்கமாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் ஒரு வேலை செய்தேன். இரண்டு பேரை ஓர் அறையிலும் மற்ற இரண்டு பேரை இன்னோர் அறையிலும் உட்காரவைத்தேன். இரண்டு அறையிலும் ஒரே கேஸைச் சொன்னேன். பாரம் தூக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்குப் பரவுகிறது, வேர்க்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது. சல்மா இருந்த அறையில், வந்தவர் ஆங்கிலேய பேங்க் மேனேஜர், வீடு மாற்றும்போது பெட்டி தூக்கினார் என்றேன். ஹமத் இருந்த அறையில், கேம்ப் லேபர், சிமென்ட் மூட்டை தூக்கினான் என்றேன். பிறகு எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"உடனே இ.சி.ஜி., படுக்கையில சேர்க்கணும், எழுந்திரிக்கவே விடக்கூடாது" என்றாள் சல்மா.

ஹமத் சிரித்தான். "எதுக்கு? தசைப்பிடிப்பு. தைலம் குடுத்து அனுப்பலாம். மூட்டை தூக்கறவனுக்கு இது சகஜம்."

"எந்த மூட்டை? அவர் தூக்கினது பெட்டி."

"பெட்டியா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விஷயம் புரிந்ததும் ஹமத்தின் முகம் சிவந்துபோயிற்று.

"நீங்க எங்களை ஏமாத்திட்டீங்க."

"ஏமாத்தினேன்தான். ஆனா நெஞ்சுவலியைப் பத்தி ரெண்டு ரூம்லயும் ஒரே வார்த்தைதான் சொன்னேன். தைலம் எங்கேருந்து வந்துச்சு?"

ஹமத் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். கலாஸ், முடிந்தது, இனி வரமாட்டான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் வந்து வார்டு வாசலில் நின்றான்.

"நேத்து வீட்ல சொன்னேன் டாக்டர். எங்கப்பா சின்ன வயசுல எண்ணெய் தேடற கேம்ப்ல வேலை பார்த்தார். வெள்ளைக்காரங்களைக் கூடாரத்துக்குள்ள வெச்சு டாக்டர் பார்ப்பாராம். எங்காளுங்களை வெளியே, லாரி நிழல்ல. காதுல சீழ் வடிஞ்சு ஒரு காது அவருக்குக் கேக்காது. அதுக்கும் ஆஸ்பிரின்தான் குடுத்தாங்களாம். நான் சொன்னதைக் கேட்டுட்டு, 'அப்ப இப்ப நீ கூடாரத்துக்குள்ள உக்காந்திருக்கியா'ன்னு கேட்டார்."

பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அந்தப் பையனை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு சட்டம் வைத்தேன். முதல் வரியில் நாடு வரக்கூடாது. வயதைச் சொல், உடம்பை வைத்து என்ன வேலை செய்கிறார் என்று சொல், எங்கே நோகிறது என்று சொல். என்ன செய்யப்போகிறாய் என்பதை முடிவு செய். அப்புறம் நாட்டைக் கேள். சில ரத்த நோய்கள் சில ஊர்களில் அதிகம், அதற்கு நாடு வேண்டும்தான். அதைக் கடைசியில் கேட்டால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. முதலில் கேட்டால் மற்ற எதுவுமே காதில் விழாது. இன்னொன்று, லேபர் ஓ.பி.யில் போர்மேன் வெளியே நிற்கட்டும். மொழி தெரிந்த வார்டு பையனையோ சிஸ்டரையோ கூப்பிட்டுக்கொண்டு நோயாளியையே கேள்.

இது சீஃப் காதுக்குப் போகாமல் இருக்குமா? ரவுண்ட்ஸில் சல்மா ஒரு கேஸைச் சொன்னாள். மடமடவென்று, அழகாகச் சொன்னாள். சீஃப் ஸ்டூலிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த நாட்டவர் என்று சொல்லவில்லையே?"

சல்மா என்னைப் பார்த்தாள். "தேவைப்படும்போது சொல்லுவாள் சார்" என்றேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பிறகு தன் அறைக்குக் கூப்பிட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "நான் முப்பது வருஷமாகச் சொல்லித்தருகிற முறையை நீங்கள் மாற்றுகிறீர்கள். அந்தப் பெண் கேஸைக் குறையில்லாமல் சொன்னாள், அதனால் விடுகிறேன். இதனால் ஒரு நோயாளிக்குக் கெடுதல் வந்தாலும் உங்கள் வகுப்பு அன்றோடு முடிந்தது."

"சரி சார்" என்றேன். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை.

ஆகஸ்ட் மாதம் என்றால் அங்கே காற்றே ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டும். அப்படி ஒரு மத்தியானம் லேபர் வாசலில் பிக்கப் வந்து நின்றது. போர்மேனே ஓர் ஆளைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அந்த ஆள் காளிமுத்து. கமுதிப் பக்கம் ஊர், ஜெபல் அலி சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. ஊருக்கு லீவில் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். முந்தின நாளும் அவனை அழைத்து வந்திருக்கிறார்கள். தலைசுற்றல், கெண்டைக்கால் இழுப்பு என்று. "காம்சோர் சாப்", வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று போர்மேன் சிரித்திருக்கிறார். மலேரியா மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இன்றைக்கு அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. தமிழில் ஏதேதோ உளறினான். டூட்டியில் இருந்த டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூளை மலேரியா. குயினைன் போடுங்க, கம்பளி போர்த்துங்க" என்றார். நானும் ஹமத்தும் அப்போது அங்கே இருந்தோம். ஹமத் அவன் மார்பில் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

"டாக்டர், தொட்டுப் பாருங்க. கொதிக்குது. ஒரு சொட்டு வேர்வை இல்லை."

சட்டையைக் கிழித்து, முறையாக ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தோம். பாதரசம் உச்சிக்குப் போய் நின்றது. எனக்குச் சந்தேகமே இல்லை. "கம்பளியை எடு. ஐஸ் ரூமைத் திற" என்றேன்.

சாவி வைத்திருந்தவர் அன்னம்மா சிஸ்டர், கோட்டயத்துக்காரர். அவர் கை சாவியில் இருக்கிறது, கால் நகரவில்லை. கப்பல் அதிகாரி ஒருவருக்காக வைத்திருக்கிற அறையாம், சீஃப் சொல்லாமல் திறக்க மாட்டாராம். "சீஃப் பறையாதே ஞான் எங்ஙனே துறக்கும் டாக்டர்? கப்பலில் நின்னு ஒரு ஆபீசர் வருன்னுண்டு, அவருக்கு வெச்சிருக்கு."

டூட்டி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், இது இந்தியன் லேபர். இவங்களுக்கு ஹீட் ஸ்ட்ரோக்கா? நம்மூர்ல பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன். உங்களைவிட அதிகமா பார்த்திருக்கேன்" என்று கத்தினேன். போனைச் சுற்றி சீஃபைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, காளிமுத்துவைக் குழாய்த் தண்ணீரில் நனைக்க ஆரம்பித்தேன். குழாயில் வருவதே வெந்நீர். நிமிடத்துக்கு நிமிடம் அவன் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

சீஃப் வந்தார். கூடம் முழுக்கக் கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். அவர் கையை உயர்த்தினார். "ஒருவர் மட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹமத் முன்னால் வந்துவிட்டான். அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னான்: "முப்பது வயதுக்குள் இருக்கும். காலையிலிருந்து வெட்டவெளியில், முழுக்கைச் சட்டையோடு, இரும்புக் கம்பி கட்டினார். இந்தச் சூட்டை விட்டுப் பல வாரம் விலகியிருந்து புதிதாகத் திரும்பியவர். நேற்று கால் இழுப்பு, தலைசுற்றல். இன்று நினைவு பிறழ்ந்திருக்கிறது. தோல் காய்ந்து கொதிக்கிறது. வெப்பம் தெர்மாமீட்டரின் உச்சியில்."

"ஹீட் ஸ்ட்ரோக்" என்றார் சீஃப், யோசிக்கக்கூட இல்லை. "இதற்கா என்னைக் கேட்டு நிற்கிறீர்கள்? ஆள் எங்கே? கப்பல் அதிகாரியா?"

ஹமத் விலகி வழிவிட்டான். அவனுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரில் காளிமுத்து கிடந்தான்.

சீஃப் அவனைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். ஒரு விநாடி அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு கோட்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தானே பிடித்தார். "சிஸ்டர், கதவு."

அதற்குப் பிறகு நடந்ததுதான் வைத்தியம். கம்பி வலைக் கட்டிலில் கிடத்தி, ஈரத்துணியை மேலே விரித்து, எல்லா விசிறியையும் திருப்பிவிட்டோம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ். சீஃப் ஒரு காலையும் ஹமத் ஒரு காலையும் விடாமல் நீவினார்கள். தோல் விறைத்துவிட்டால் உள்ளே இருக்கிற சூடு வெளியே வராது. நடுக்கம் வந்தாலும் சூடு ஏறும், அதற்கு ஓர் ஊசி. குளிர்ந்த சலைன். வெப்பம் இறங்கி வரும்போது, முழுக்க இறங்குவதற்கு முன்பே ஐஸை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது பாட்டுக்குச் சரிந்துகொண்டே போகும். "இப்போது எடுங்கள்" என்று சீஃப் சொன்ன அந்தத் தருணம் இருக்கிறதே, அது கைப்பழக்கம். சிறுநீர் பாலில்லாத கட்டஞ்சாயா நிறத்தில் வந்தது. தசை நைந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். மலேரியா இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்த்தார்கள். மாஃபி. ஒன்றுமே இல்லை. நான்காம் நாள் சிறுநீர் தெளிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் சல்மாவுக்குக் காட்டினேன்!

காளிமுத்துவுக்குத் தெளிவு வந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து, "தம்பி, உனக்கு வெயில் தாக்கிருச்சு. பிழைச்சது பெரிய விஷயம்" என்றேன். அவன் சந்தோஷப்படவில்லை. பயந்துபோனான்.

"வெயிலா? எனக்கா? இல்ல தாயி. எங்கூரு வெயில்ல நின்னவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா? மலேரியான்னு எழுதிருங்க."

"ரத்தத்துல மலேரியா இல்லப்பா."

"இல்லாட்டியும் எழுதுங்க தாயி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். மலேரியான்னா ரூம்ல படுத்து எந்திரிச்சு டூட்டிக்குப் போயிருவேன். வெயிலு தாங்கலைன்னு எழுதுனா அன்ஃபிட்டுன்னு விசாவை கேன்சல் பண்ணி ஏத்தி அனுப்பிருவாங்க. தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. நம்ம பக்கத்து ஆளு நீங்க, நீங்களே இப்பிடிப் பண்ணலாமா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. மலேரியா என்று எழுதுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அப்படி எழுதித்தானே இவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தோம்? இவன் மறுபடியும் அதே வெயிலில் நிற்பான், அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனும் விழுவான். எழுதாவிட்டாலோ இவன் பிழைப்பு போய்விடும். சீஃபிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "நாளை ரவுண்ட்ஸுக்கு அந்தக் கம்பெனி மேனேஜரை வரச் சொல்லுங்கள்" என்றார்.

மேனேஜர் வந்தார். அவரும் ஆங்கிலேயர், டை கட்டியிருந்தார். மாணவர்கள் நான்கு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சீஃப் ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கேஸை அவரே சொன்னார். "இருபத்தெட்டு வயது, திறந்தவெளியில் கம்பி கட்டுகிறவர், ஹீட் ஸ்ட்ரோக்." நாட்டைச் சொல்லவே இல்லை. சல்மா என் கையைக் கிள்ளினாள்.

"அப்படியென்றால் இந்த வேலைக்கு லாயக்கில்லை" என்றார் மேனேஜர். "அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுகிறோம். உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு வருந்துகிறேன்."

சீஃப் மெதுவாகக் கேட்டார். ரொம்ப மெதுவாக. "சென்ற மாதம் உங்கள் சர்வேயர் இதே நோயோடு இதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவரை ஊருக்கு அனுப்பினீர்களா?"

"இல்லை. இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தோம். கோடை முடியும்வரை உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை. அது வேறு விஷயம், டாக்டர். அவர் ஓர்..."

நிறுத்திவிட்டார்.

"சொல்ல வந்ததை முடியுங்கள்" என்றார் சீஃப். "இவர்கள் டாக்டர் ஆகப்போகிறவர்கள். கற்றுக்கொள்ளட்டும்."

மேனேஜர் ஹமத்தைப் பார்த்தார். ஹமத் கண்ணை எடுக்கவில்லை. சல்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தன் ஷூவைப் பார்த்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை. "எங்கள் ஸ்டோரில் இடம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். ஓய்வுக்கும் சம்பளத்துக்கும் விசாவுக்கும் சீஃப் அங்கேயே வாக்கு வாங்கிக்கொண்டார்.

ஆங்கிலத்தில் நடந்த இதெல்லாம் காளிமுத்துவுக்கு எங்கே புரியும்? போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தாயி சொல்றாக? ஏத்தி அனுப்புறாகளா?"

"இல்லப்பா. ரெண்டு வாரம் ரெஸ்ட். அப்புறம் வெயில் காலம் முடியற வரைக்கும் ஸ்டோர்ல வேலை. சம்பளம் குறையாது."

"விசா?"

"விசாவுக்கு ஒண்ணும் இல்லை. வெயில் தாக்கினதுன்னுதான் எழுதறோம். வெள்ளைக்கார சர்வேயருக்கு என்ன செஞ்சாங்களோ, அதேதான் உனக்கும்."

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கழுத்துவரை இருந்த போர்வையை உதறித் தள்ளினான்.

"அப்ப அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க தாயி" என்றான். "வெக்கை தாங்க முடியல."